மீன்மேல் இருப்பவர் யார்

சிப்பித்துறை நகராட்சியின் முத்திரையைப் பார்க்கிற வெளியூர்க்காரர்கள் முதலில் கேட்பது, குதிரை எங்கே என்றுதான். முத்திரையில் இருப்பது எங்கள் ஊர்ப் புனிதர், அர்ச்சிஷ்ட சந்தியாகப்பர்; அவர் என்றால் குதிரைமேல் வருகிறவர். வேறு எந்த ஊர்க் கோவிலுக்குப் போனாலும் வெள்ளைக் குதிரை முன்னங்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு நிற்கும், அவர் மேலே நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். எங்கள் ஊரில் மட்டும் மீன்மேல் உட்கார்ந்திருக்கிறார். கோவில் சுரூபத்திலும் அப்படித்தான், நகராட்சி முத்திரையிலும் அப்படித்தான், குப்பை வண்டிக் கதவிலும் அப்படித்தான். என்ன மீன் என்று கேட்டால் தெருவுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். வரைந்தவன் மீனைக் குழம்பில்தான் பார்த்திருப்பான் என்பது என் கருத்து. இதில் இன்னொரு கூத்தும் உண்டு. திருவிழாவன்று சனங்கள் நேர்ச்சையாகக் கொள்ளு கொண்டுவருவார்கள். குதிரைக்கு வைக்க வேண்டியது. குதிரை இல்லாததால் மீனின் வாய்க்கு நேரே வைத்துவிட்டுப் போவார்கள்.

இந்த வருஷம் நகராட்சிக்கு நூறு வயது. ஊர் நுழைவில் வளைவு கட்டி, முத்திரையைப் பெரிதாகச் செதுக்கி, பக்கத்திலேயே அதன் வரலாற்றையும் கல்லில் வெட்டப் போகிறார்களாம். அரைப் பக்கத்துக்கு மிகாமல் எழுதித் தரவும் என்று திருவிழாக் கமிட்டிக்குக் கடிதம் வந்தது. கமிட்டியின் தீர்மானப் புத்தகம் என் கையில் இருக்கிறது. ஐஸ் கம்பெனியில் எழுத்து வேலை பார்க்கிறவன் என்பதால் என் தலையில் கட்டியது, பதினாறு வருஷமாக இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். அதனால் பூசை முடிந்ததும் மீன் ஏலக்கூடத்தைக் கழுவிவிட்டுப் பெஞ்சு போட்டுக் கூடினோம். பங்குச் சாமியார் ஊருக்குப் புதிது, மேற்கே மலைப்பக்கத்துக்காரர். கடலைப் பார்த்தே மூன்று மாதந்தான் ஆகிறது. அந்த முத்திரையின் கதை தெரிந்தவர் யார் என்று அவர் கேட்டதும் கூடத்தில் எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. கஸ்பார் எழுந்து நின்றான்.

கஸ்பாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்தக் கூடத்தில் மீன் ஏலம் கூறுகிறவன் அவன். கிலோ நூறில் தொடங்கி ஐந்நூறில் கொண்டுபோய் நிறுத்துகிற வாய். பழக்கதோஷமோ என்னவோ, வீட்டுப் பேச்சும் அப்படியே ஏறிக்கொண்டு போகும். காலையில் எழுந்தேன் என்று அவன் சொன்னால்கூட, எழுந்தானா என்று அவன் பெண்டாட்டியிடம் விசாரித்துவிட்டுத்தான் நம்புவார்கள். ஆனால் ஆள் தங்கமான ஆள்.

அவன் குடும்பத்துக்கு ஊரில் ஒரே ஒரு பெருமை உண்டு. திருவிழாவில் சந்தியாகப்பர் சப்பரத்தைத் தூக்கும்போது தோளில் தாங்கும் மரத்தின் முன்முனையான வலப்பக்க முன்கொம்பு அவர்களுக்கு. அவனுடைய பூட்டன் கயித்தான் காலத்திலிருந்து வருகிறது. அர்ச்சிஷ்டவர் மீன்மேல் ஏறிய நாளில் கயித்தான் ஏதோ உதவி செய்தாராம், அதற்காக ஊர் கொடுத்த மரியாதை. என்ன உதவி என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. கஸ்பாருக்குச் சொத்து கிடையாது, படகு கிடையாது. வருஷத்தில் ஒருநாள், வெள்ளை வேட்டி கட்டி, ஊர் முழுக்கப் பார்க்க அந்தக் கொம்பைத் தோளில் வைப்பதற்காகவே மிச்ச நாளெல்லாம் உயிரோடு இருக்கிறவன் மாதிரி இருப்பான்.

அவன் வாயைத் திறக்குமுன் பிரகாசியம்மாள் எழுந்தாள். மீன்கார அம்மாக்கள் சங்கத்துத் தலைவி. அவள் மகன் ரெமிஜியுஸ் பன்னிரண்டு வருஷமாக அதே பக்கத்துப் பின்கொம்பு தூக்குகிறான். பன்னிரண்டு திருவிழாவிலும் என் பிள்ளை கண்டது கஸ்பார் அண்ணனின் பிடரிதான், அர்ச்சிஷ்டவரை அவன் கண்டதில்லை என்றாள். கல்லில் வெட்டப் போகிறார்கள், இனி அழிக்க முடியாது. அதனால் அண்ணன் கதையைச் சொல்லட்டும், கமிட்டி கேட்கட்டும். ஒருத்தர் பாக்கியில்லாமல் ஒத்துக்கொண்டால் கதை கல்லுக்குப் போகட்டும், கொம்பும் அவருக்கே இருக்கட்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால் கொம்பைத் திருவுளச் சீட்டுப் போட்டு யாருக்கு விழுகிறதோ அவருக்குக் கொடுக்க வேண்டும் என்றாள். சாமியார் அது நியாயம் என்றார்.

தன் வாயை ஊர் எந்த லட்சணத்தில் நம்புகிறது என்று கஸ்பாருக்குத் தெரியாதா. ஆனாலும் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தொடங்கினான்.

பூட்டன் காலத்தில் ஒருநாள் நடுப்பகலில் காற்று திரும்பியது. நாற்பது வள்ளம் நடுக்கடலில் மாட்டிக்கொண்டது. பெண்கள் கோவில் கதவில் தலையை மோதிக்கொண்டு அழுதார்கள். அப்போது மேற்கேயிருந்து சந்தியாகப்பர் குதிரையில் வந்தார். இந்த இடம்வரை அவன் அடக்கமாகத்தான் சொன்னான், நானும் அப்படியே எழுதினேன்.

"வந்தது தரிசனமா, ஆளா?" என்று கேட்டார் இன்னாசி. நாற்பது வருஷம் வள்ளம் ஓட்டியவர், எதையும் கயிற்றைச் சோதிப்பதுபோல இழுத்துப் பார்க்கிறவர்.

"ஆளு வே. எங்க பூட்டன்கிட்ட தண்ணி வாங்கிக் குடிச்சிருக்காரு. அந்தச் செம்பு எங்க வீட்லதான் கெடந்துச்சு, எங்க அத்தை கொண்டுபோயிட்டா."

இனி அடக்கத்துக்கு வேலையில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பேனாவுக்கு மையடைத்துக்கொண்டேன்.

குதிரை கடற்கரை வரைக்கும் வந்தது, தண்ணீரில் கால்வைக்க மாட்டேன் என்றது. வெள்ளைக் குதிரை, உப்புத் தண்ணீர் பட்டால் நிறம் போய்விடும் என்று அதற்குப் பயம். கயித்தான் தன் வள்ளத்தைக் கொடுத்துப் பார்த்தார். சந்தியாகப்பர் வேண்டாம் என்றுவிட்டார். கால் இரண்டையும் இரண்டு பக்கம் தொங்கப் போட்டே பழக்கப்பட்டவர், வள்ளத்தில் சம்மணம் போட்டு உட்கார முடியுமா? அங்கே நாற்பது வள்ளம் மூழ்கிக்கொண்டிருக்கிறது, இங்கே அர்ச்சிஷ்டவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். அப்போதுதான் எங்கள் பூட்டனுக்கு யோசனை வந்தது, ஏலம் கூறினார் என்றான் கஸ்பார்.

எதற்கு ஏலம் என்று சாமியார் கேட்டார்.

"மீனைக் கூப்பிடத்தான் சாமி. வேற எப்படிக் கூப்பிடுறது? எங்க குடும்பக் குரலு லேசுப்பட்டது இல்ல. இந்த எடத்துல நின்னு ஒருதரம் அப்படின்னாரு, அலை நின்னு போச்சு. ரெண்டுதரம் அப்படின்னாரு, கொழும்புல ஒரு யாவாரி தூக்கத்துலேருந்து எந்திரிச்சு மேல அஞ்சு ரூவா கேட்டான்."

நடுப்பகல் என்று சொன்னாயே, கொழும்புக்காரன் ஏன் தூங்குகிறான் என்றார் இன்னாசி. மத்தியானத்துக்குச் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தான், பணக்காரன், உமக்கென்ன என்றான் கஸ்பார். அவனுக்குப் பதில் தேடி நிற்கிற பழக்கம் கிடையாது.

மூன்றாம் தரம் கூறுமுன் மீன் வந்துவிட்டது. என்ன மீன் என்பதில் கூடத்தில் எல்லோருக்கும் அக்கறை இருந்தது. சீலா என்று வடக்குத் தெருவும் சுறா என்று தெற்குத் தெருவும் இதற்காகக் கல்யாணப் பேச்சையே முறித்திருக்கின்றன. கஸ்பார் இரண்டு பக்கமும் பார்த்தான். யாரையும் பகைக்காமல் தப்பிக்க நினைத்தானோ என்னவோ, நெத்திலி என்றான்.

கூடம் சிரித்து அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விரல் நீள நெத்திலிமேல் சந்தியாகப்பர் எப்படி உட்கார்ந்தார், ஒற்றைக் காலில் நின்றாரா என்று பிரகாசியம்மாள் விசாரித்தாள்.

"அது இந்தக் காலத்து நெத்திலி. நீ விக்கிற நெத்திலி. அன்னைக்கு நெத்திலி முப்பது முழம் இருக்கும். ஒண்ணைப் பிடிச்சா தெருவே கருவாடு போடும். முள்ளை உத்தரத்துக்கு எடுத்துக்குவாக. நம்ம பழைய கோவிலு கூரை எதுலே நின்னுச்சுன்னு நெனைக்கிய?"

சாமியார் மேலே நிமிர்ந்து ஏலக்கூடத்துக் கூரையைப் பார்த்தார். அது தகரம்.

அதன்பிறகு சேணம் பூட்டிய கதை. குதிரைமேலிருந்த சேணத்தைக் கழற்றி நெத்திலிக்குக் கட்டினார்கள். வார் எட்டவில்லை. கயித்தான் நங்கூரக் கயிற்றை அவிழ்த்து ஒட்டுப்போட்டார். வயிற்றில் கயிறு பட்டதும் மீனுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டியதுபோல் ஆகிவிட்டது, அது சிரித்த சிரிப்பில் கரையில் காயப்போட்ட வலையெல்லாம் பனைமரத்தில் போய்த் தொங்கியது. குதிரையைக் கரையில் பனையில் கட்டி, பசிக்கக் கூடாதென்று ஒரு படி கொள்ளு வைத்தார் கயித்தான். ஊர் இன்றைக்கும் கொள்ளு வைப்பது அதனால்தான் என்று அவன் சொன்னபோது, பின்வரிசையில் ஒன்றிரண்டு பேர் யோசிக்க ஆரம்பித்ததைப் பார்த்தேன். புளுகுக்குள் ஒரு படி நிஜத்தை வைத்துவிட்டால் அப்படித்தான் ஆகும்.

அர்ச்சிஷ்டவருக்கு எங்கள் கடலில் வழி தெரியாது. எங்கே கடலடிப் பாறையான பார், எங்கே சுழி என்று அவருக்கு யார் சொல்வது? அதனால் கயித்தான் முன்னால் ஏறி உட்கார்ந்தார், சந்தியாகப்பர் பின்னால். மீன் கிளம்பிய வேகத்தில் பின்னால் தூசி கிளம்பியது.

"கடல்ல ஏதுலே தூசி?" என்றார் இன்னாசி. அவருக்கு இது பொறுக்கவில்லை.

"அவ்வளவு வேகம் வே. தண்ணி காஞ்சு போச்சு."

நாற்பது வள்ளத்தையும் ஒரே கயிற்றில் கோத்து வாலில் கட்டினார்கள். வழியில் ஒரு வெள்ளைக்காரன் கப்பல் தத்தளித்தது, பாவம் பார்த்து அதையும் கட்டினார்கள். கப்பல் துரை நன்றி சொல்ல மேல்தட்டுக்கு வருமுன் கரை வந்துவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். நம் கரைக்கு எதிரே நரித்தீவு இருக்கிறதல்லவா, அது அதுவரை இலங்கைக்குப் பக்கத்தில்தான் கிடந்தது, கயிறு அதில் சிக்கியது தெரியாமல் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள் என்றான் கஸ்பார். அதைத் திருப்பிக் கேட்டு இன்றுவரை யாரும் வரவில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டான்.

சிரித்துச் சிரித்துச் சாமியாருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கூடத்தில் எல்லோருக்கும் கதை பிடித்திருந்தது, ஒருவரும் நம்பவில்லை. கஸ்பாருக்கும் அது தெரிந்தது. துண்டால் பிடரியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். எனக்கு அவன்மேல் பாவமாக இருந்தது. அவனுடைய பூட்டன் அன்றைக்கு ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தார் என்று மட்டும் சொல்லியிருந்தாலே போதும், நான் ஒத்துக்கொண்டிருப்பேன். அதோடு நிறுத்த அவனால் முடியாதே.

அந்த நேரத்தில் பிரகாசியம்மாள் எழுந்து என் மேசைக்கு வந்து, நகராட்சிக் கடிதத்தை எடுத்தாள். தலைப்பில் முத்திரை இருந்தது. அதை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். சிரிக்காமல், மரியாதையாகத்தான் கேட்டாள்.

"அண்ணே, மீன்மேல ரெண்டு பேரு போனாகன்னு சொன்னிய. இதுல ஒருத்தர்தான் இருக்காரு. உங்க பூட்டன் எங்க?"

ஏலக்கூடத்தில் ஈ பறக்கிற சத்தம் கேட்டது. அதற்கு அங்கே எப்போதும் குறைவில்லை. கஸ்பார் முத்திரையையே பார்த்தான். கதை இங்கே முறிந்தால் கொம்பு போய்விடும். அவன் அப்பன், பாட்டன், பூட்டன் எல்லோரும் தோள் கொடுத்த கொம்பு, அவன் காலத்தில் சீட்டுக் குலுக்கலுக்குப் போகும். அதை அவன் முகத்தில் நான் வாசித்தேன். பிறகு அந்த முகம் மெல்ல மலர்ந்தது. ஐந்நூறில் நின்ற மீனுக்குத் திடீரென்று எண்ணூறு கேட்க ஆள் கிடைத்தால் அப்படித்தான் மலரும்.

"நீ பாக்கிறியே, அதுதான் எங்க பூட்டன்" என்றான்.

துண்டை மறுபடி உதறித் தோளில் போட்டுக்கொண்டு மேலே சொன்னான்.

"சந்தியாகப்பருக்குக் கடலு ஒத்துக்கலை. முதல் அலைக்கே தலை சுத்திப்போச்சு, பாவம், குதிரைக்காரரு. கயித்தான், என்னை எறக்கி விட்டுருப்பா, நான் கரையில குதிரையைப் பாத்துக்கிடுதேன், நீ போயிட்டு வான்னுட்டாரு. போனது, இழுத்தது, காப்பாத்துனது எல்லாம் எங்க பூட்டன். அதைத்தான் அன்னைக்குச் செதுக்குனாக. ஊருக்குத்தான் மறந்துபோச்சு."

தாடி இருக்கிறதே என்று இன்னாசி மெதுவாகக் கேட்டார். தவக்காலத்தில் சவரம் செய்யாமல் விட்டது என்றான். தலையைச் சுற்றி ஒளிவட்டம் இருக்கிறதே என்றார் சாமியார். அது ஒளிவட்டம் இல்லை சாமி, ஓலைத்தொப்பி, வெயிலுக்குப் போட்டது என்றான்.

நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். இதை எழுதினால் ஆயர் மேற்றிராணியாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இப்போது பிரகாசியம்மாள் கையைத் தட்டிச் சிரிப்பாள், கதை முடிந்தது, சீட்டை எழுதலாம் என்று காகிதத்தைக் கிழிக்கக்கூடத் தொடங்கினேன்.

அவள் சிரிக்கவில்லை. முத்திரையை இன்னொரு தரம் உற்றுப் பார்த்தாள். "மூக்கு அண்ணன் மூக்குத்தான்" என்றாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, நான் நம்புகிறேன் என்றாள்.

இன்னாசி அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். நாற்பது வருஷக் கடல்காரருக்கு நீரோட்டம் எந்தப் பக்கம் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. நானும் நம்புகிறேன், ஓலைத்தொப்பி நன்றாகத் தெரிகிறது என்றார். அடுத்து வடக்குத் தெரு நம்பியது, தெற்குத் தெருவும் நம்பியது. அந்த இரண்டு தெருவும் ஒன்றை ஒத்துக்கொண்டது என் புத்தகத்தில் அதுவே முதல்தடவை. ரெமிஜியுஸ் வாசலில் நின்றபடியே கையைத் தூக்கினான். கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நானும் தூக்கினேன்.

கஸ்பாருக்குக் கண் கலங்கிவிட்டது. அவனுக்கு ஐம்பத்தெட்டு வயது. அத்தனை வருஷத்தில் அவன் சொன்ன ஒரு வார்த்தையைக்கூட ஊர் நம்பியதில்லை, இன்றைக்கு அதிலேயே பெரியதை ஒட்டுமொத்தமாக நம்பியிருக்கிறது. ஒவ்வொருத்தராகக் கும்பிட்டான். பிரகாசியம்மாளிடம் வந்தபோது, தங்கச்சி என்று சொல்லித் துண்டால் கண்ணைத் துடைத்தான்.

"சந்தோசம் அண்ணே" என்றாள் அவள். "அப்பம் சப்பரத்துல மீன்மேல வாரதும் உங்க வீட்டு ஆளுதான். நீங்க எப்படித் தோள் குடுப்பிய?"

எங்கள் ஊர் வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். சொந்த வீட்டு ஆளைச் சொந்தக்காரன் சுமக்கக் கூடாது. கல்யாணத்தில் மாப்பிள்ளையை நாற்காலியில் வைத்துக் கோவிலுக்குத் தூக்கி வருவது அடுத்த வீட்டார், அண்ணன் தம்பி கைவைக்க மாட்டார்கள். சாவிலும் பெற்ற பிள்ளை பெட்டியைத் தொடுவதில்லை. வீட்டு ஆளே சுமந்தால் இந்த ஊரில் வேறு மனிதர் இல்லையா என்று அயலூர் கேட்கும், அது ஊருக்கே இழுக்கு. வீட்டார் பின்னால் மெழுகுதிரி பிடித்துக்கொண்டு நடந்து வர வேண்டும். இதில் இன்றுவரை யாருக்கும் விலக்குக் கொடுத்ததில்லை.

சாமியாருக்கு இது புதிது. இன்னாசி பக்கத்தில் போய் விளக்கினார். சாமியார் கேட்டுவிட்டு, வழக்கம் என்றால் வழக்கந்தான், கமிட்டி பேசியது அதற்குக் கீழேதான் என்றார். மெழுகுதிரி பின்கொம்புக்கும் பின்னால் என்பதையும் இன்னாசி மறக்காமல் சொன்னார். ரெமிஜியுஸ் சும்மா பிடரியைத் தடவிக்கொண்டான்.

கஸ்பார் உட்கார்ந்துவிட்டான். பிறகு பூட்டனை ஒவ்வொரு படியாக இறக்க ஆரம்பித்தான். இருவருமாகத்தான் போனார்கள், முத்திரையில் இடம் போதவில்லை என்றான். பிரகாசியம்மாள் என் புத்தகத்தைக் காட்டினாள். சரி, சந்தியாகப்பர் முன்னால், பூட்டன் பின்னால் வாலைப் பிடித்துக்கொண்டு போனார் என்றான். கமிட்டி ஏற்றுக்கொண்ட கதையை மாற்ற முடியாது என்றாள் பிரகாசியம்மாள். பூட்டன் கரையில்தான் நின்றார், குதிரைக்குக் கொள்ளு வைத்தார், அவ்வளவுதான் என்றான். ஏலத்தில் அவன் குரல் இறங்கி யாரும் கேட்டதில்லை, அன்றைக்குக் கேட்டோம்.

சாமியார் என்னிடம் தீர்மானத்தை வாசிக்கச் சொன்னார். நான் வாசித்தேன். நகராட்சி முத்திரையில் மீன்மேல் அமர்ந்திருப்பவர் திரு. கஸ்பார் அவர்களின் பூட்டனார் கயித்தான் அவர்களே என்று கமிட்டி ஒருமனதாக ஏற்கிறது. ஆகவே ஊர் வழக்கப்படி அன்னார் குடும்பம் சப்பரத்தின் பின்னால் மெழுகுதிரியுடன் வருவது. வலப்பக்க முன்கொம்பு திருவுளச் சீட்டுக்கு விடப்படுகிறது.

கஸ்பார் எழுந்து வந்து என் புத்தகத்தின்மேல் கையை வைத்தான். மெதுவான குரலில், வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு விஷயத்தை உள்ளபடி சொன்னான்.

"எழுதாதிய. அம்புட்டும் புளுகு சாமி. மீனும் தெரியாது, குதிரையும் தெரியாது. எங்க பூட்டன் என்ன செஞ்சாருன்னே எனக்குத் தெரியாது. சத்தியமாச் சொல்லுதேன்."

சாமியார் பிரகாசியம்மாளைப் பார்த்தார். அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, சீட்டுப் போட ஒரு மீன்கூடையை நடுவில் இழுத்து வைத்தாள்.

"சும்மா புளுகாதிய அண்ணே" என்றாள்.